வாயு மூலை

பழி வாங்க நினைப்பவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் எழுந்து வருவார்கள். நான் ஒரு திவான் செய்தேன். தி.நகரில் என் ஒற்றைப் படுக்கையறை வீட்டில், ஹாலிலிருந்து பின் பால்கனிக்குப் போகும் வழியில், அதன் கால்மாடு பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும்படி போட்டேன். தச்சுவேலைக்கு வந்தவர், "ஆறடி வச்சிரலாம் மேடம், அதான் எல்லாரும் போடறது" என்றார். ஐந்தரை அடி போதும் என்றேன். என் அண்ணனின் உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் கூட. அவன் ஒருநாள் அதில் படுப்பான், அவன் பாதங்கள் வெளியே தொங்கும், நான் அதைத் தாண்டித் தாண்டி நடப்பேன் என்று ஆசை ஆசையாகக் கணக்குப் போட்டுத்தான் செய்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவரவருக்கு அவரவர் சந்தோஷம்.

அந்தக் கணக்கு எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். இதே இடத்தில் முன்பு வேறொரு கட்டடம் இருந்தது. லிப்ட் கிடையாது, படிக்கட்டில் வெளிச்சம் கிடையாது. எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். காலமெல்லாம் நின்றே சம்பாதித்து அந்த வீட்டை வாங்கினார். ஹால், சமையலறை, இரண்டு அறைகள். எல்லோரும் ஹாலில்தான் வரிசையாகப் படுப்போம். அறைகளில் அரிசி டிரம்மும் டிரங்குப் பெட்டிகளும் இருந்தன. காய்ச்சல்காரர்களுக்கும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும் மட்டும்தான் அறை. மற்றவர்கள் தனி அறை கேட்டால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அவனுக்கு வாஸ்து பிடித்தது. சிலருக்குச் சீட்டாட்டம் பிடிக்கிற மாதிரி. பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு திசைகாட்டி வாங்கிவந்து, அறை அறையாகப் போய் உள்ளங்கையில் வைத்துச் சுற்றினான். தென்மேற்கு கன்னி மூலை, குடும்பத்தைத் தாங்குகிறவன் அங்கேதான் படுக்க வேண்டும் என்றான். குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்த அப்பா அப்போது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். "நாள் முழுக்க நிக்கிறவனுக்குப் படுக்க இடம் கிடைச்சா போதாதா, நீ எடுத்துக்க" என்று சொல்லிவிட்டார். பெரிய அறை அண்ணனுக்குப் போயிற்று. அப்பாவும் அம்மாவும் ஹாலிலேயே இருந்துவிட்டார்கள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினான். "பாப்பாவுக்கு வடமேற்கு ரூம். வாயு மூலை. கல்யாணமாகாத பொண்ணு அங்க படுத்தா காத்து மாதிரிப் போயிருவா. அங்க படுத்தவங்க நிலைக்க மாட்டாங்க."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் தனியறை என்றதும் மனசுக்குள் குதியாட்டம்தான். டிரங்குப் பெட்டிகளை நானே இழுத்து வெளியே போட்டேன்.

அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று ஹாலுக்கு, மற்றொன்று பின் பால்கனிக்கு. துணிக்கொடி பால்கனியில். துவைக்கிற கல் பால்கனியில். காஸ் சிலிண்டர் பால்கனியில். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் சுவிட்சும் பால்கனியில். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு விடிவதற்கு முன்பே போட்டாக வேண்டும், நிறைந்ததும் நிறுத்த வேண்டும். முதலில் அப்பா போவார். பிறகு அம்மா. அப்புறம் மதினி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மதினி என்போம். நேற்றுப் பிழிந்த துணிகளை எடுக்க, இன்று பிழிந்ததைப் போட, அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே ஆகாயத்தைப் பார்க்க என்று வீடு முழுவதும் என் கட்டிலைச் சுற்றியே நடந்தது. கட்டிலின் கால்மாடு வழியில் இருந்தது. போகிறவர்கள் இடித்துக்கொள்வார்கள். இடித்துக்கொண்டால் என்னைத்தான் திட்டுவார்கள். ஈரத்துணியிலிருந்து தண்ணீர் பாதத்தில் சொட்டும். கொஞ்ச நாளில், கதவு கிறீச்சிடும்போதே தூக்கத்தில் என் கால்கள் தாமாக மடங்கக் கற்றுக்கொண்டன.

உடுப்பு மாற்றுவது பெரிய பாடு. குளியலறைக்குள்ளேயே ஈரத்தரையில் புடவையைக் கட்டிக்கொண்டு வருவேன். அறை இருந்தும்.

நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்தபோது, எல்லோருக்கும் ஏதேதோ வாங்கினேன். எனக்கென்று வாங்கியது ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். கனமானது, விரல் நீளம், தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். தெருமுனைச் சாவிக்கடைக்காரரை அழைத்துவந்து ஹால் பக்கக் கதவில் பொருத்தினேன். அன்று இரவு தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுத்தேன். காலையில் தண்ணீர் வருகிற நேரத்தில் கதவைத் தட்டினார்கள், உடனே எழுந்து திறந்தும் விட்டேன். ஒரு நிமிடம் தாமதமாகியிருக்கலாம்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது தாழ்ப்பாள் இல்லை. கதவில் நான்கு ஓட்டைகள் இருந்தன. தாழ்ப்பாள் என் தலையணை மேல், திருகாணிகளோடு, ஒரு காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஹாலில் அண்ணன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"நீ தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா மோட்டார் யாரு போடறது பாப்பா? அதுவும் இல்லாம, வாயு மூலைய அடைக்கக் கூடாது. காத்து போய்வர வேண்டிய இடம்."

தலை நிமிராமல்தான் சொன்னான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன் வீங்கிய கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழவில்லை. அந்தத் தாழ்ப்பாளை என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். படுத்தால் எதிரே நான்கு ஓட்டைகள் தெரியும். மற்ற பெண்கள் காலண்டரில் முருகனைப் பார்த்துக்கொண்டு கண் விழித்தார்கள். நான் அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு விழித்தேன், தலை நரைக்கிற வரை.

கல்யாணம் நடக்கவில்லை. வந்த ஒன்றிரண்டு இடங்களும் தட்டிப் போயின. ஒவ்வொரு முறையும் அண்ணன் என் கட்டிலின் திசையை மாற்றினான். கட்டில்தான் திரும்பியதே தவிர மாப்பிள்ளை யாரும் திரும்பி வரவில்லை. அதற்காக நான் ரொம்ப வருந்தினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது மாப்பிள்ளை இல்லை. பூட்டிக்கொள்ள ஒரு கதவு. சொல்லப்போனால், கல்யாணம் வேண்டும் என்று தோன்றிய ஓரிரு தடவையும் அந்தக் கதவுக்காகத்தான் தோன்றியது.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டை எங்கள் இருவர் பேரிலும் எழுதி வைத்திருந்தார் அப்பா. கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் எனக்காகச் செய்த ஒரே காரியம் அது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் மகன் ஹாலில் படித்து, ஹாலில் வளர்ந்து, அமெரிக்கா போனான். என் அறை வழியாக மோட்டார் சுவிட்சுக்குப் போவது மட்டும் மாறவில்லை.

பிறகு ஊரே இடிபட ஆரம்பித்தது. எங்கள் தெருவில் வரிசையாகப் பழைய கட்டடங்களைப் பச்சைத் துணி போட்டு மூடினார்கள். எங்களுக்கும் ஒரு பில்டர் வந்தார். பழைய வீட்டைக் கொடுத்தால் புதிய வீடு. வழவழப்பான தாளில் படம் போட்டுக் கொடுத்தார்கள். அரிசி டிரம் இருந்த அறையைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்று படுக்கையறை, மூன்றிலும் குளியலறை, கதவே இல்லாத சமையலறை, துணிகளுக்கென்று தனியாக, உள்ளே நடந்து போகிற அலமாரி. ஹாலில் வரிசையாகப் படுத்து வளர்ந்தவர்கள் எல்லாம், ஆளுக்கொரு குளியலறை இல்லாமல் மனுஷன் எப்படி வாழ்வது என்று கார் நிறுத்துமிடத்தில் நின்று ஆவேசப்பட்டார்கள்.

அண்ணன் அந்தப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தான். பழைய திசைகாட்டியை அதன் மேல் வைத்தான். "கன்னி மூலை எங்களுக்கு. இது பையன் வந்தா. இது பேரப்பிள்ளைங்க வந்தா."

"எனக்கு?" என்றேன்.

அவன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "ஹால் எவ்வளவு பெரிசு பாரு பாப்பா. இந்தா, பால்கனிப் பக்கம் ஒரு கர்ட்டன் போட்டுட்டா தனி ரூம் மாதிரிதானே? நீயும் ரிட்டயர் ஆகப்போற. உனக்கு என்ன ஜாமான் இருக்கு?"

மதினி படத்தைத் தன் பக்கம் திருப்பி, சமையலறை மேடை எங்கே வரும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கதவு அறையிலிருந்து கர்ட்டனுக்கு. என்றைக்கோ அமெரிக்காவிலிருந்து வரப்போகிற, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்குக் கதவு உண்டு. எனக்குத் துணி. அன்றைக்குத்தான் அப்பா எழுதி வைத்தது என்ன என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. அண்ணனுக்கு என் கையெழுத்து வேண்டும். நான் டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தேன். பிறகு சொன்னேன்: "பெரிய வீடு ஒண்ணு வேண்டாம். ரெண்டா வாங்கிக்கலாம். உனக்கு ரெண்டு பெட்ரூம். எனக்கு ஒரு பெட்ரூம். பில்டர்கிட்ட கேட்டுட்டேன், முடியும்னுட்டாரு. இல்லேன்னா நான் கையெழுத்துப் போடல."

கேட்டுவிட்டேன் என்றது பொய். மறுநாள் காலையில்தான் ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஒத்தைக்கட்டைக்கு ஒரு வீடா?" என்றாள் மதினி. என்னிடம் இல்லை, குக்கரிடம். அண்ணன் சில நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் மோட்டார் போட என் அறை வழியாகப் போனான். அந்த நாட்களில் எனக்குச் சோறு ருசித்தது.

கட்டடம் எழும்பும்வரை வாடகைக்குப் போக வேண்டும். அண்ணனும் மதினியும் அடையாறு பக்கம் போனார்கள். நான் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி போர்ஷன் பிடித்தேன். வீட்டுக்கார மாமி மூன்று தடவை விசாரித்தாள், "தனியாவா இருக்கப் போறேள்? ஆத்துக்கு யாரும் வந்துண்டு போயிண்டு இருக்க மாட்டாளே?" என்று. யாருமே வர மாட்டார்கள் மாமி, அதற்காகத்தான் வருகிறேன் என்றேன். சின்ன அறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஆனால் கதவு ஒன்றே ஒன்று, அதற்கு உள்ளே தாழ்ப்பாள். முதல் நாள் தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சினிமா பார்க்கிற மாதிரி. படுத்தால் கால் நீளவில்லை. நீட்டினாலும் தூக்கத்தில் மடங்கிக்கொண்டது. தண்ணீர் வருகிற நேரத்துக்கு விழிப்பு வந்தது. அங்கே மோட்டாரே இல்லை.

அந்த மாடியில்தான் என் கோபம் வளர்ந்தது என்று நினைக்கிறேன். தி.நகரில் இருந்தவரை அது என்னோடு ஒண்டுக்குடித்தனம் இருந்தது. தனி இடம் கிடைத்ததும் கை கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. அமைதியாக இருந்தால் மனசு ஆறும் என்பார்கள். எனக்கு அமைதியில்தான் எல்லாம் ஞாபகம் வந்தது. அண்ணனிடமிருந்து ஒரே ஒரு வாக்கியம் வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். 'உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் பாப்பா.' மன்னிப்புக்கூட வேண்டாம். இதை மட்டும் அவன் வாயால் சொல்ல வேண்டும்.

பில்டர் அலுவலகத்தில் வரைபடம் போட ஒரு சின்னப் பெண் இருந்தாள். உள் சுவர்களைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம் என்றாள். ஹாலைக் குறைத்துப் படுக்கையறையைப் பெரிதாக்கச் சொன்னேன். எல்லோரும் ஹாலைத்தான் பெரிசாக்கிக் கேட்கிறார்கள் மேடம், டிவிக்கு, பார்ட்டிக்கு என்றாள். என் வீட்டுக்கு யாரும் கூட்டமாக வருவதில்லை என்றேன். கன்னி மூலையில் என் அறை. ஒரே கதவு.

"கெஸ்ட் வந்தா எங்க மேடம் படுப்பாங்க?"

விரலை வைத்துக் காட்டினேன். ஹாலின் வடமேற்கு ஓரம், பால்கனிக்குப் போகிற வழி. "அது நடக்கிற இடம் மேடம்" என்றாள். தெரியும் என்றேன்.

இப்படியாகத் திவான் வந்தது. என் அறைக் கதவில் பில்டர் கொடுத்த பளபளப்பான பூட்டுக்கு மேலே, என் பழைய பித்தளைத் தாழ்ப்பாளையும் பொருத்தினேன். வேலைக்கு வருகிற பெண் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஒரே ஒரு ரூமு கீது, அதுக்கு ரெண்டு பூட்டா? உள்ள இன்னா வச்சிகினு கீறே?" என்றாள். என்னைத்தான் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அண்ணன் வீடு மேல் மாடியில். இரண்டு படுக்கையறையில் ஒன்று மகனுக்கென்று பூட்டியே கிடந்தது. மகன் வரவில்லை. அவனுக்குக் குழந்தை பிறந்து மதினிதான் அங்கே போனாள். போனவள் திரும்புகிற தேதியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அண்ணன் மேலே தனியாக இருந்தான். லிப்டில் பார்த்தால், "சாப்பிட்டியா பாப்பா" என்பான். சாப்பிட்டேன் என்பேன். என் மாடி வந்துவிடும்.

போன வருடம் ஒருநாள் கதவைத் தட்டினான். கையில் ஒரு பை. "அந்த ரெண்டாவது ரூம் சும்மாதானே கெடக்கு. சுவரை இடிச்சிட்டு ஒரே பெரிய ஹாலாப் பண்ணிரலாம்னு ஆள் விட்டிருக்கேன். இப்ப அதான் எல்லாரும் பண்றாங்க. ஒரே தூசி. வேலை முடியற வரைக்கும் இங்க இருக்கலாமா?"

எனக்குக் கிடைக்காமல், யாரும் படுக்காமல் கிடந்த அறை. அதை அவன் இப்போது இடிக்கிறான். "வா அண்ணே, உனக்கில்லாத இடமா" என்றேன். திவானைக் காட்டினேன்.

அவன் உட்கார்ந்து பார்த்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். கைபேசியை எடுத்தான், இப்போது திசைகாட்டி அதிலேயே இருக்கிறது. "பாப்பா, இது வாயு மூலை. இங்க படுத்தவங்க நிலைக்க மாட்டாங்க."

"அதான் அண்ணே" என்றேன்.

அவன் சிரித்தான். புரியவில்லை.

மறுநாள் விடியும் முன்பே தொடங்கினேன். துணி துவைக்கிற இயந்திரத்தை ஓடவிட்டு, ஈரத்துணி வாளியை எடுத்துக்கொண்டு, விளக்கைப் போட்டு, அவன் பாதங்கள் திவானுக்கு வெளியே தொங்குவதைப் பார்த்தேன். வயதான பாதங்கள், குதிகால் வெடித்திருந்தது. அதன்மேல் ஒரு துண்டிலிருந்து நாலு சொட்டு விழும்படி நின்று நிதானமாகப் போனேன். பால்கனிக் கதவை விரியத் திறந்தேன். ஒவ்வொரு துணிக்கும் ஒரு தடவை உள்ளே வந்து போனேன். வேலைக்காரப் பெண்ணையும் சீக்கிரம் வரச்சொல்லி, பாத்திரங்களைப் பால்கனிக் குழாயில் கழுவச் சொன்னேன். "பெரியவரு தூங்கினு கீறாருக்கா, எப்டித் தாண்டிப் போறது?" என்றாள். "அவரே காலை மடக்கிக்குவாரு, போ" என்றேன்.

தினமும் இதே வேலை. இடித்துக்கொண்டால் 'ச்சு' என்றேன், பழைய வீட்டில் மதினி சொன்ன அதே தொனியில். அவனிடமிருந்து புகாரில்லை, முனகலில்லை. எனக்கு ஆத்திரம் ஏறியது. ஒருநாள் வாளியோடு நான் வருகிற சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலே, அவன் கால்கள் தாமாக மடங்கின.

அப்படியே நின்றேன். அந்த அசைவு எனக்குத் தெரியும். அது என்னுடையது. என் காலிலிருந்து கழன்று அவன் காலுக்குப் போய்விட்டது. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தவள் பாலை வைக்க மறந்தேன். சந்தோஷத்தில்தான்.

அன்று காபி கொடுத்தபோது, "பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

வந்துவிட்டது என்று எதிரே உட்கார்ந்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இங்க வந்தப்புறம்தான் நான் தூங்கறேன். மேல அவ போனதுலேருந்து விடிஞ்சா ஒரு சத்தம் கிடையாது. யாரு எந்திரிச்சா, யாரு போனான்னு ஒண்ணும் கிடையாது. இங்க நீ போற, வர்ற, கால் சத்தம் கேக்குது. ஆள் இருக்குன்னு இருக்கு." காபியை ஒரு வாய் குடித்தான். "நீ குடுத்து வச்சவ பாப்பா. அந்த வீட்டுல எல்லாரும் உன் ரூம் வழியாத்தானே போய் வந்தோம்."

நான் கேட்கக் காத்திருந்த வாக்கியத்தை எடுத்து, உள்ளும் புறமுமாகத் திருப்பி, என் மடியில் போட்டான். அதுவும் பாசத்தோடு.

"அண்ணே, என் தாழ்ப்பாளை நீ கழட்டினியே. ஞாபகம் இருக்கா?"

"எந்தத் தாழ்ப்பாள்?"

எழுந்தேன். அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் என் அறைக் கதவைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். கட்டைவிரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தான். அது வழுக்கிக்கொண்டு போனது.

"நல்ல கனம். பழைய பித்தளை. இப்பல்லாம் இப்படிக் கிடைக்கறதில்ல பாப்பா, எங்க வாங்கின?"

இதற்கு மேல் என்ன கேட்க முடியும்? மறந்தே போய்விட்டவனிடமிருந்து ஒன்றையும் பிடுங்க முடியாது. என் ஆயுளின் பாதியை அவன் ஒரு திருகாணியைப் போல எங்கோ கைமறதியாகப் போட்டுவிட்டான். அவன் மேல் எனக்கு அதுவரை இருந்த கோபம் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு நிமிடக் கோபத்துக்குச் சமமாகாது. ஆனால் இப்போது அவனுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்துவிட்டது. அவனே சொல்லிக் கொடுத்துவிட்டான்.

அன்று மாலையே ரங்கநாதன் தெருவுக்குப் போய், மடக்கித் திறக்கிற துணி ஸ்டாண்டு ஒன்று வாங்கிவந்து என் அறைக்குள் விரித்தேன். வேலைக்காரப் பெண்ணை மதியத்துக்கு மேல் வந்தால் போதும் என்றேன். மறுநாள் விடிகாலை எழுந்தேன், எழுந்த சத்தம் கேட்காமல் என் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது.

வெளியே திவான் கிறீச்சிட்டது. பிறகு மறுபடியும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவருகே அவன் குரல் கேட்டது.

"பாப்பா, எந்திரிக்கலையா? துணி காயப்போடலையா?"

நான் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. நீ தூங்கு."

அவன் நின்றுகொண்டிருந்தது கதவின் அடியில் நிழலாகத் தெரிந்தது. பிறகு நிழல் போயிற்று. இப்படி இன்னும் சில நாள். பகலில் வழக்கம்போல் சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். விடிகாலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். கண்ணுக்குக் கீழே அவனுக்குக் கருவளையம் விழ ஆரம்பித்தது. கடைசியில் மேலே வேலை முடியாமலே பையைத் தூக்கினான். "தூசி இருந்தாப் பரவால்ல. அங்க சுத்தியல் சத்தமாவது கேக்கும்" என்றான். வாயு மூலை வேலை செய்கிறது அண்ணே என்றேன். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அன்று அறையில் குறுக்கே படுத்து மதியம் முழுவதும் தூங்கினேன்.

வேலை முடிந்ததும் ஹாலை வந்து பார் என்று கூப்பிட்டான். ஒருநாள் காலை போனேன். வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. சுவர் போன பிறகு அந்த ஹால் கல்யாண மண்டபம் போல இருந்தது. கட்டிலைக் கன்னி மூலை அறையிலிருந்து எடுத்துவந்து, ஹாலில், வாசலுக்கு நேரே போட்டிருந்தான். பால்காரர் போகிற சத்தம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற சத்தம், லிப்ட் கதவு திறந்து மூடுகிற சத்தம் எல்லாம் உள்ளே வந்துகொண்டிருந்தன. அவன் அதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தான்.

என் காலடிச் சத்தம் கேட்டதும் அவன் கால்களை மடக்கினான். கட்டில் முழு நீளம், சுற்றிலும் நடக்க இருபது பேருக்கு இடம். எனக்கு வழி விட மடக்கினான்.

"பாப்பாவா? எவ்வளவு பெரிசா இருக்கு பாத்தியா?"

"பெரிசா இருக்கு" என்றேன். ஒரு சுற்று நடந்து பார்த்தேன். சுவர் இருந்த இடத்தில் தரையில் நிறம் மாறிய ஒரு கோடு ஓடியது. அதைத் தாண்டி வாசலுக்கு வந்தேன். வெளியே காலை வைத்ததும் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துச் சாத்தினேன். பூட்டு தானாக விழுந்தது.

"பாப்பா, கதவு திறந்தே இருக்கட்டும்" என்று உள்ளிருந்து கேட்டது.

கேட்டது. லிப்டுக்குக் காத்திருக்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கினேன்.